1931-இல் தாத்தா எங்கே போனார்? ஸ்விண்டன் ஊரின் பதிவேடுகளும் பிள்ளைப்பருவ நினைவுகளும்

இங்கிலாந்தின் ஊர் நூலகங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் வந்து சேரும் கடிதங்கள் பெரும்பாலும் இரண்டு விதம். "என் கொள்ளுத்தாத்தா உங்கள் ஊர் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர், அவரைப் பற்றி ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்பவை ஒரு விதம். இன்னொரு விதத்தில் கேள்வி என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. எழுதியவர் அந்த ஊரில் வளர்ந்தவராக இருப்பார். தெருக்கோடிக் கடை, பள்ளிக்கூட மணி, விடுமுறைக்குப் போன ரயில் என்று நினைவில் இருப்பதையெல்லாம் எழுதியிருப்பார். முதல் வகையை ஆராய்ச்சி என்றும் இரண்டாவதைப் பழங்கதை என்றும் பிரித்து வைப்பது வழக்கம். ஆனால் இங்கிலாந்தில், குறிப்பாக 1921-க்கும் 1951-க்கும் இடைப்பட்ட காலத்தில், முதல் கடிதத்துக்கான விடை பல நேரம் இரண்டாவது கடிதத்தில்தான் இருக்கிறது. அது ஏன் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

2022 ஜனவரி 6 அன்று இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 1921 சென்சஸ் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. அதில் தங்கள் குடும்பத்தைக் கண்டுபிடித்தவர்கள், அடுத்து 1931-ஐத் தேடிப்போய் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அந்தச் சுவர் எப்படி வந்தது என்று புரிய, முதலில் அடிப்படையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார், எப்போது, எதை எழுதி வைத்தார்கள்

1. சர்ச் பதிவேடு. 1538-இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் இட்ட உத்தரவுப்படி ஒவ்வொரு திருச்சபைப் பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்கத் தொடங்கியது. 1813 முதல் இதற்கு அச்சடித்த படிவம் வந்தது. ஞானஸ்நானப் பதிவில் தகப்பனின் தொழிலும் இருக்குமிடமும் சேர்ந்தது அப்போதுதான்.

2. அரசுப் பதிவு. 1837 ஜூலை 1 முதல் பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் அரசே பதிகிறது. ஆனால் பிறப்பைப் பதியாத பெற்றோருக்குத் தண்டனை என்பது 1875-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பிறப்பு கிடைக்கவில்லை என்றால் உண்மையிலேயே பதியாமல் விட்டிருக்கவும் கூடும்.

3. சென்சஸ். 1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை. நாடு முழுவதற்கும் ஆட்களின் பெயரோடு கிடைப்பது 1841 முதல். 1851 முதல் பிறந்த ஊரும் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் வருகின்றன. 1911 படிவம் மணமான பெண்களிடம் எத்தனை பிள்ளைகள் உயிரோடு பிறந்தன, எத்தனை இருக்கின்றன, எத்தனை போய்விட்டன என்று கேட்டது. அந்தப் படிவத்தை வீட்டுக்காரர்களே நிரப்பினார்கள், அவர்கள் கையெழுத்திலேயே அது நமக்குக் கிடைக்கிறது. 8, 5, 3 என்று ஒரு தகப்பன் எழுதியிருப்பதைப் பார்த்தால், பேரப்பிள்ளைகளுக்கு யாரும் சொல்லாத மூன்று குழந்தைகள் அந்த வீட்டில் பிறந்து இறந்திருக்கின்றன என்று தெரிகிறது.

4. 1921-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வேலை மட்டுமல்ல, யாரிடம் வேலை, எந்த இடத்தில் வேலை என்றும் கேட்டார்கள். வயதை வருடமும் மாதமுமாகக் கேட்டார்கள். 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்களா என்றும் கேட்டார்கள். முதல் உலகப் போர் முடிந்த சமயம் என்பதால் அந்தக் கேள்விக்கான காரணம் சொல்லாமலே விளங்கும்.

சென்சஸ் படிவங்கள் நூறு ஆண்டுகளுக்குப் பூட்டி வைக்கப்படும். உயிரோடு இருப்பவர்களின் அந்தரங்கத்தைக் காக்க ஏற்பட்ட விதி அது.

முப்பது ஆண்டு ஓட்டை

நூறாண்டு விதிப்படி 1931 சென்சஸ் 2032-இல் திறக்கப்பட வேண்டும். திறக்க எதுவும் இல்லை. மிடில்செக்ஸின் ஹேய்ஸில் ஒரு கிடங்கில் வைத்திருந்த இங்கிலாந்து, வேல்ஸ் படிவங்கள் அத்தனையும் 1942 டிசம்பரில் தீயில் எரிந்துபோயின. எதிரியின் குண்டுவீச்சு அல்ல, சாதாரணத் தீ விபத்து. ஸ்காட்லாந்தின் படிவங்கள் வேறு இடத்தில் இருந்ததால் தப்பின.

1941-இல் போர் காரணமாக சென்சஸே எடுக்கவில்லை. 1951 படிவங்கள் பத்திரமாக இருக்கின்றன, ஆனால் 2052 வரை பூட்டு.

இடையில் இருப்பது ஒரே ஒரு பதிவு. போர் மூண்டதும் அடையாள அட்டை கொடுப்பதற்காக 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த தேசியப் பதிவேடு அது. பிறகு ரேஷனுக்கும் அதுவே பயன்பட்டது. முகவரி, பெயர், பிறந்த தேதி, தொழில், மணமானவரா இல்லையா என்பது மட்டும் இருக்கும். உறவுமுறை இருக்காது. பிறந்த ஊர் இருக்காது. படையில் இருந்தவர்களும் இதில் இல்லை. ஆனால் இதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1948-இல் தேசிய சுகாதாரச் சேவை வந்தபோது இதையே தன் பதிவேடாக எடுத்துக்கொண்டு 1991 வரை திருத்திக்கொண்டே வந்தார்கள். அதனால் 1939-இல் சின்னப் பெண்ணாக இருந்தவரின் பிறந்த வீட்டுப் பெயருக்கு மேலே, பிற்பாடு மணமாகி வந்த பெயரை வேறு நிற மையில் எழுதியிருப்பார்கள். பெண் வழியில் நூல் பிடித்துப் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

பிறந்து நூறு ஆண்டு ஆகாதவர்களில், இறந்துவிட்டார் என்று உறுதியாகத் தெரியாதவர்களின் வரி மறைக்கப்பட்டிருக்கும். கணவன், மனைவிக்குக் கீழே மூன்று கறுப்பு வரிகள் தெரிந்தால், அவை பெரும்பாலும் அந்த வீட்டுப் பிள்ளைகள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று எண்பது, தொண்ணூறு வயதில் இருப்பவர்களின் பிள்ளைப்பருவமும் அவர்களுடைய பெற்றோரின் இளமைக்காலமும் சரியாக இந்த ஓட்டைக்குள் விழுகின்றன. அரசாங்கம் தன் பக்கத்தைத் தொலைத்துவிட்ட அதே ஆண்டுகளைத்தான் இந்த மனிதர்கள் தலைக்குள் வைத்திருக்கிறார்கள்.

ஏன் ஸ்விண்டன்

எந்த ஊரை எடுத்தாலும் இந்த ஓட்டை இருக்கும். வில்ட்ஷயர் மாவட்டத்து ஸ்விண்டனை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அங்கே ஒரே முதலாளி ஊர் முழுவதையும் எழுதி வைத்தான்.

1801-இல் சுமார் 1,200 பேர் இருந்த மலைமேட்டுச் சந்தையூர் அது. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன் எஞ்சின் பட்டறையை மேட்டுக்குக் கீழே சமவெளியில் கட்டியது. 1843-இல் வேலை தொடங்கியது. 1901-இல் மக்கள்தொகை சுமார் 45,000. ஒரு கட்டத்தில் பட்டறையில் மட்டும் 14,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். கம்பெனி தன் தொழிலாளிகளுக்கு முந்நூறு வீடுகள் அளவில் ஒரு குடியிருப்பைக் கட்டியது. லண்டன், பிரிஸ்டல், எக்ஸிட்டர், டான்டன் என்று தன் ரயில் போகும் ஊர்களின் பெயரையே தெருக்களுக்கு வைத்தது. 1845-இல் செயின்ட் மார்க்ஸ் சர்ச் எழுந்தது. 1847-இல் சம்பளத்தில் பிடித்தம் செய்து மருத்துவ நிதி ஒன்று தொடங்கியது. அந்த நிதியின் பணத்தில் மில்டன் ரோட்டில் 1892-இல் நீச்சல் குளமும் மருந்தகமும் கொண்ட பெரிய கட்டடம் வந்தது. நீந்தக் கற்றுக்கொண்டதும் முதல் பல்லைப் பிடுங்கிக்கொண்டதும் ஒரே கட்டடத்தில் என்று ஸ்விண்டன் பிள்ளைகள் யாராவது சொன்னால் நம்பலாம்.

இவ்வளவு பேரைக் கட்டி மேய்த்த கம்பெனி ஒவ்வொருவருக்கும் பதிவு வைத்திருந்தது. பிறந்த தேதி, சேர்ந்த தேதி, வேலைப் பிரிவு, கூலி, கூலி உயர்வு, சில இடங்களில் அபராதம், விலகிய காரணம். 1948 ஜனவரி 1 அன்று ரயில்வே நாட்டுடைமையானது. அதனால் இந்த ஏடுகள் தனியாரிடம் சிதறிப்போகாமல், பெரும்பகுதி லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. வேறு ஊரில் ஒரு நெசவுத் தொழிலாளியையோ கடைச் சிப்பந்தியையோ தேடுகிறவருக்கு இந்த வசதி கிடையாது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. ஸ்விண்டனில் பிறந்தவரை ஸ்விண்டன் என்று தேடினால், 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு ஒன்றும் கிடைக்காது. அரசுப் பதிவின் பெயர்ப் பட்டியலான பிறப்பு அட்டவணையில் இருப்பது பதிவு மாவட்டத்தின் பெயர். அன்றைக்கு அந்த மாவட்டத்தின் பெயர் ஹைவொர்த். பக்கத்தில் உள்ள, இன்று ஸ்விண்டனைவிட மிகச் சிறிய ஊர். 'எங்கள் குடும்பத்துக்கும் ஹைவொர்த்துக்கும் சம்பந்தமே இல்லையே' என்று சரியான ஆளையே ஒதுக்கிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. தெருப் பெயர்களும் மாறியிருக்கின்றன: ரயில்வே குடியிருப்பின் பாத் தெரு பிற்பாடு பாத்ஹாம்ப்டன் தெரு ஆனது.

பதிவேடு என்பதும் ஒருவர் சொன்ன சொல்தான்

நினைவு தவறும், காகிதம் தவறாது என்று நினைப்பது இந்தத் தேடலில் அதிகம் கெடுதல் செய்யும் நம்பிக்கை. காகிதத்தில் இருப்பதும் யாரோ ஒருவர் வாய்விட்டுச் சொல்லி இன்னொருவர் எழுதியதுதான். சொன்னவருக்கு மறைக்கக் காரணம் இருந்திருக்கலாம்.

1. 1841 சென்சஸில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 29 வயதுக்காரர் 25 ஆகிவிடுவார். எல்லாரும் இதைப் பின்பற்றவும் இல்லை.

2. திருமணச் சான்றிதழில் 'முழு வயது' என்று இருந்தால் 21 அல்லது அதற்கு மேல் என்று பொருள். ஆனால் 19 வயதில் வீட்டுக்குத் தெரியாமல் மணம் முடிக்க வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். மணமக்களின் தாயார் பெயர் அந்தச் சான்றிதழில் இடம்பெற்றதே 2021 மே மாதத்திலிருந்துதான்.

3. 1904 முதல், ஏழைகள் விடுதியில் பிறந்த குழந்தையின் சான்றிதழில் விடுதி என்று எழுதாமல் வெறும் தெரு முகவரி போல எழுதும்படி பதிவாளர்களுக்கு உத்தரவு. பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க அவப்பெயர் வேண்டாம் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த முகவரியைக் குடும்ப வீடு என்று நம்பித் தேடிப் போனால் அந்தப் பழைய விடுதி வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

4. சட்டப்படி தத்தெடுப்பு என்பதே இங்கிலாந்தில் 1927-இல்தான் வந்தது. அதற்கு முன்பு பாட்டி தன் மகளின் பிள்ளையைத் தன் பிள்ளை என்று சென்சஸில் எழுதிவிட்டால் அதோடு சரி.

இங்கிலாந்துப் பிறப்புச் சான்றிதழில் பொதுவாகப் பிறந்த நேரம் இருக்காது. நேரம் குறித்திருந்தால் இரட்டைக் குழந்தையோ என்று பார்க்க வேண்டும். உடன்பிறந்த இன்னொரு குழந்தை சில நாளில் இறந்து, குடும்பத்தில் அதன் பேச்சே இல்லாமல் போயிருக்கும்.

நினைவுக்குத் தேதி போடுவது

பிள்ளைப்பருவ நினைவுகள் ஆண்டையும் ஆளின் பெயரையும் எளிதில் குழப்பிவிடும். இடம், சத்தம், வாசனை, வழக்கம் ஆகியவற்றில் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆகவே நினைவில் வரும் பொருளைப் பிடித்துக்கொண்டு ஆண்டைக் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்விண்டனில் அதற்கு நல்ல அடையாளங்கள் உண்டு.

ட்ராம் 1904-இல் ஓடத் தொடங்கி 1929-இல் நின்றது. 1906 ஜூன் 1 அன்று விக்டோரியா ரோடு இறக்கத்தில் ஒரு ட்ராம் கட்டுமீறிக் கவிழ்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். அந்தக் கதை சொல்லும் குடும்பத்தில் யாரோ ஒருவர் அன்றைக்கு ஊரில் இருந்திருக்கலாம். ஊருக்கு நடுவே ஓடிய வில்ட்ஸ் அண்ட் பெர்க்ஸ் கால்வாய் 1914-இல் சட்டப்படி கைவிடப்பட்டது. பென்ஹில் போன்ற புது வீட்டுக் குடியிருப்புகளில் வளர்ந்தேன் என்றால் 1950கள். 1952 சட்டத்துக்குப் பிறகு லண்டன் நெரிசலிலிருந்து குடும்பங்கள் இங்கே வந்து குடியேறின. அப்படிப்பட்ட குடும்பமாக இருந்தால் முந்தைய தலைமுறையை ஸ்விண்டனில் தேடுவது வீண்.

பட்டறைச் சங்கைப் பற்றிச் சொல்லாத ஸ்விண்டன்காரர் இல்லை. அதை வைத்துத்தான் ஊரே எழுந்தது, சாப்பிட்டது. 1870களில் பக்கத்து ஜமீன் போன்ற லிடியார்டின் போலிங்புரோக் பிரபு, சங்குச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று புகார் செய்து அனுமதியையே ரத்து செய்ய வைத்தார். கம்பெனி வேறொரு சங்கைப் பொருத்தி ஊதியது. அது கடைசியாக ஊதியது பட்டறை மூடிய 1986 மார்ச் 26 அன்று. ஆக, சங்கை வைத்து ஆண்டைக் கண்டுபிடிக்க முடியாது. அது ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஊதியது. ஆனால் சங்கு எவ்வளவு பலமாகக் கேட்டது, அப்பா எத்தனையாவது சங்குக்குக் கிளம்பினார் என்ற விவரம், வீடு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடும்.

மிகச் செழுமையானது 'ட்ரிப்' நினைவுகள்தான். ஆண்டுதோறும் ஜூலையில் பட்டறை மூடும். தொழிலாளிகளும் குடும்பங்களும் கம்பெனியின் இலவச ரயிலில் ஊர்சுற்றப் போவார்கள். 1849-இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன சுமார் 500 பேரோடு தொடங்கியது, முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் 25,000 பேர் அளவுக்கு வளர்ந்தது. கூட்டம் தாங்காது என்பதால் ரயில்கள் நிலையத்திலிருந்து கிளம்பாமல் பட்டறைக்குள் இருந்த பக்கத் தண்டவாளங்களிலிருந்தே கிளம்பின. அங்கே பிளாட்ஃபாரம் கிடையாது. விடிவதற்கு முன்பே அம்மா எழுப்பி, கம்பித் தண்டவாளத்துக்கு நடுவே நடத்திக் கூட்டிப் போய், ஏணி வைத்து ரயிலில் ஏற்றிவிட்டாள் என்று ஒருவர் எழுதினால் அது பிள்ளைக் கற்பனை என்று தோன்றும். நடந்தது அப்படித்தான். வேமவுத் கடற்கரைக்கு அத்தனை பேர் போனதால் அந்த வாரம் அதை 'கடலோர ஸ்விண்டன்' என்றே அழைத்தார்கள்.

இதில் ஆராய்ச்சிக்கு உதவும் விஷயமும் உண்டு. 1921 சென்சஸ் ஏப்ரலில் எடுப்பதாக இருந்து, நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தால் ஜூன் 19-க்குத் தள்ளிப்போனது. கோடை வந்துவிட்டதால் பல ஊர்க்காரர்கள் அன்றிரவு கடற்கரை விடுதிகளில் எண்ணப்பட்டார்கள். ஸ்விண்டனின் ட்ரிப் ஜூலையில் என்பதால் பட்டறைக் குடும்பங்களை ஊரிலேயே தேடலாம்.

ஒரு மாதிரிக் கேள்வி

இப்படி ஒரு கடிதம் வருவதாக வைத்துக்கொள்வோம்: "என் பாட்டி 1930-இல் ஸ்விண்டனில் பிறந்தவள். அவள் அப்பா பெயர் டேவிஸ், பாய்லர் வேலை, பூர்வீகம் வேல்ஸ். வேல்ஸ்காரர்களின் சிற்றாலயத்துப் பக்கம் வீடு. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ட்ராமில் போனதைச் சொல்வாள். ஏணியில் ஏறி ட்ரிப் போனதையும் சொல்வாள். ஒரு அண்ணன் சின்ன வயதில் தவறிவிட்டானாம்."

டேவிஸ் என்ற பெயரை மட்டும் வைத்துத் தேடினால் கரையேற முடியாது, வேல்ஸில் அவ்வளவு பேர். ஆனால் சிற்றாலயம் என்ற சொல் கைகொடுக்கிறது. 1860களில் பட்டறையில் தண்டவாளம் செய்யும் உருட்டாலை வந்தபோது தென் வேல்ஸிலிருந்து இரும்புத் தொழிலாளிகள் வந்தார்கள். அவர்களுக்காகக் கட்டிய கல்வீடுகள்தான் கேம்பிரியா பிளேஸ். அங்கேயே அவர்களின் பாப்டிஸ்ட் ஆலயம். பூர்வீகம் வேல்ஸ் என்பது பாட்டியின் தாத்தாவோ அவருக்கும் முந்தையவரோ வந்ததைக் குறிக்கலாம். 1871, 1881 சென்சஸ்களில் அந்தத் தெருவைப் புரட்டி, பிறந்த ஊர்ப் பத்தியில் வேல்ஸ் என்றிருக்கும் டேவிஸ்களை எடுக்க வேண்டும். பாப்டிஸ்டுகள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, எனவே சர்ச் பதிவேட்டில் பிள்ளைகளைத் தேடிப் பயனில்லை.

அடுத்து ட்ராம். 1929-இல் நின்ற ட்ராமில் 1930-இல் பிறந்தவள் போயிருக்க முடியாது. உடனே பாட்டி கதை விட்டாள் என்று முடிவு கட்டக் கூடாது. பிறந்த ஆண்டு இரண்டு மூன்று வருடம் முந்தியதாக இருக்கலாம். அல்லது அம்மா அடிக்கடி சொன்னது தன் நினைவாகவே பதிந்திருக்கலாம். 1939 பதிவேட்டில் பிறந்த தேதி இருக்கும். அது மறைக்கப்பட்டிருந்தால் பிறப்பு அட்டவணை. 1911 செப்டம்பர் காலாண்டு முதல் அதில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் அச்சாகிறது. 'டேவிஸ், தாய் வழிப் பெயர் இன்னது, ஸ்விண்டன்' என்று சேர்த்துத் தேடினால் அந்தத் தம்பதியின் பிள்ளைகள் வரிசையாக வந்து நிற்பார்கள். தவறிப்போன அண்ணனும் அதில் இருப்பான். அவன் அடக்கம் 1881-இல் திறந்த ராட்னர் தெரு மயானத்தில் நடந்ததா என்று பிறகு பார்க்கலாம்.

கடைசியாக, தகப்பனின் முழுப்பெயரும் பிறந்த தேதியும் கிடைத்த பிறகுதான் ரயில்வே ஏட்டைத் தொட வேண்டும். முதலிலேயே தொட்டால் டேவிஸ்களின் வெள்ளத்தில் மூழ்க வேண்டியதுதான்.

இப்போதே கேட்க வேண்டியவை

1951 சென்சஸ் திறக்கும் 2052-இல், 1939-இல் ஐந்து வயதாக இருந்தவருக்கு 118 வயது ஆகியிருக்கும். அந்தக் காகிதங்கள் வரும்வரை காத்திருந்தால், அவற்றைப் படித்து 'இது எங்கள் வீடு' என்று அடையாளம் சொல்ல ஆள் இருக்காது.

வீட்டுப் பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் தடுமாறுவார்கள். வாசலில் நின்றால் இடப்பக்கம் என்ன தெரிந்தது, பள்ளிக்கு எந்த வழியாகப் போனீர்கள், பக்கத்து வீட்டில் யார், அப்பா எப்போது வீடு திரும்புவார், மருந்து எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால் சரளமாகச் சொல்வார்கள். சொன்னதை அப்படியே எழுதி, சொன்னவர் பெயர், பிறந்த ஆண்டு, சொன்ன நாள் மூன்றையும் சேர்க்க வேண்டும். தானே கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா என்பதைத் தனியாகக் குறிக்க வேண்டும். ஆண்டு தப்பாகத் தெரிந்தாலும் நடுவில் திருத்தக் கூடாது; திருத்தத்தைப் பக்கத்தில் எழுதலாம். ஒரு பிரதியை அந்த ஊர் நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவுக்குக் கொடுக்கலாம். ஸ்விண்டன் மத்திய நூலகத்தில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது. மாவட்டத்தின் பழைய சர்ச் பதிவேடுகள் சிப்பனம் நகரில் உள்ள வில்ட்ஷயர், ஸ்விண்டன் வரலாற்று மையத்தில் இருக்கின்றன.